டின்டின் கார்ட்டூன் 39 எபிசோடும் மறுபடி: புத்தக வரிசை இங்கே செல்லாது

வாசகர் கேள்வி, மே 4

எர்ஜேயின் காமிக்ஸை வைத்து 1991-ல் வந்த டின்டின் (ஊர் ஊராகச் சுற்றும் நிருபன்) கார்ட்டூன் தொடரை யாராவது சமீபத்தில் முழுசாகப் பார்த்தீர்களா? என் கணக்கில் திபெத் கதை முதலிடம், கால்குலஸ் அஃபேர் இரண்டு, காஸ்டஃபியோரே எமரால்ட் மூன்று. இதில் விவாதிக்க ஒன்றுமே இல்லை. மறுப்பவர்கள் காமிக்ஸ் படிக்காதவர்கள்.

மே 4, இரவு 9.50

காமிக்ஸ் படித்தவன் என்பதால்தான் மறுக்கிறேன். நீங்கள் சொன்னது புத்தக வரிசை. புத்தகத்துக்கு என்றால் நானும் கிட்டத்தட்ட கையெழுத்துப் போடுவேன். கேட்டது தொடரைப் பற்றி.

62 பக்கக் கதையை இருபது சொச்சம் நிமிஷ எபிசோட் இரண்டுக்குள் அடைக்க வேண்டுமென்றால் எதையாவது வெளியே தள்ளியாக வேண்டும். இவர்கள் பெரும்பாலும் தள்ளியது சிரிப்பை. வைத்துக்கொண்டது பயம், துரத்தல், ஊர் ஊராகச் சுற்றுவது. அதனால் சிரிப்பை நம்பி நிற்கிற கதைகள் திரையில் கீழே இறங்கிவிடுகின்றன, பயத்தை நம்பி நிற்கிறவை மேலே ஏறுகின்றன.

என் முதலிடம் செவன் கிரிஸ்டல் பால்ஸ். காஸ்டஃபியோரே கடைசி ஐந்துக்குள். ஆரம்பியுங்கள், திட்டு வாங்கத் தயார்.

மே 5, காலை

“39 எபிசோடா, 21 கதையா, ஆளுக்கொரு கணக்குச் சொல்றீங்களே” என்று ஒருவர். இரண்டும் ஒரே கணக்குதான். 18 கதைகள் இரண்டிரண்டு பாகம், ஆக 36. மூன்று கதைகள் ஒற்றை எபிசோட்: ரெட் ரேக்ஹாம்ஸ் ட்ரெஷர், ஷூட்டிங் ஸ்டார், டின்டின் இன் அமெரிக்கா. சீசனுக்கு 13 வீதம் மூன்று சீசன். பிரான்ஸின் எலிப்ஸும் கனடாவின் நெல்வானாவும் சேர்ந்து எடுத்தது, இயக்கம் ஸ்டெஃபான் பெர்னாஸ்கோனி. சோவியத் கதை, காங்கோ கதை இரண்டையும் தொடவே இல்லை. எர்ஜே முடிக்காமல் விட்டுப்போன ஆல்ஃப்-ஆர்ட் கதையும் கிடையாது.

இன்னொருவர் சொல்வது 1950-களின் கடைசியில் பெல்விஷன் ஸ்டுடியோ ஆரம்பித்த பழைய தொடர். அது வேறு. அதில் கதைகளை அவர்கள் இஷ்டத்துக்குப் பிய்த்துப் போட்டிருப்பார்கள். இந்த இழையில் அது வேண்டாம்.

மே 5, இரவு 11.20

கிரிஸ்டல் பால்ஸ் ஏன் முதலிடம் என்று கேட்டவர்களுக்கு. கொஞ்சம் நீளம்தான்.

அறிஞர் டாரகன் வீட்டில் நடக்கிற அந்த ராத்திரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்கா சமாதியைத் திறந்த குழுவில் ஏழு பேர். ஒவ்வொருவராக நினைவு தப்பி விழுந்துகொண்டே வருகிறார்கள். விழுந்தவர் பக்கத்தில் உடைந்த கண்ணாடிச் சில்லு. டாரகன்தான் மிச்சம். அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ராஸ்கர் கபாக்கின் மம்மி உட்கார்ந்திருக்கிறது. வெளியே இடி மின்னல். புகைபோக்கி வழியாக ஒரு நெருப்புருண்டை இறங்கி வீட்டுக்குள் சுற்றுகிறது, விஞ்ஞானி கால்குலஸைத் தூக்கிப் போடுகிறது, முடிந்து பார்த்தால் மம்மியைக் காணோம். அதற்குப் பிறகுதான் கனவு. ஜன்னலைத் தள்ளிக்கொண்டு அந்த மம்மி உள்ளே கால் வைக்கிறது, கையில் உருண்டை.

சின்ன வயசில் இதைப் பார்த்த ராத்திரி, அறை ஜன்னலைச் சாத்திவிட்டு வரச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சினேன். அவன் எனக்கு மூத்தவன். அவனும் போகவில்லை. இரண்டு பேரும் வேர்த்து ஒழுக, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தோம், ஜன்னல் திறந்தே கிடந்தது.

இப்போது பார்க்கும்போது பயம் வரவில்லை. எதனால் பயந்தோம் என்பதுதான் தெரிந்தது. அந்த மம்மி அவசரப்படுவதே இல்லை. ஒரு காலைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைக்கிறது, பிறகுதான் இன்னொரு கால். மற்ற வில்லன்கள் எல்லாம் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வசனம் பேசுவார்கள். இது வாயே திறக்காது. புத்தகத்தில் அந்தக் கட்டங்களை நம் வேகத்தில் தாண்டிவிடலாம், வேண்டாமென்றால் பக்கத்தைப் புரட்டிவிடலாம். திரையில் அது நடக்கிற வேகத்தில்தான் நாம் பார்த்தாக வேண்டும். தொடர் புத்தகத்தை ஜெயிக்கிற இடம் இதுதான்.

விடிந்து பார்த்தால் டின்டின், அவன் சிநேகிதர் கேப்டன் ஹேடாக், கால்குலஸ் மூன்று பேருக்கும் அதே கனவு. அதற்கு விளக்கமே தருவதில்லை. தந்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

மே 6

“அப்படியென்றால் ப்ரிசனர்ஸ் ஆஃப் த சன்-ஐயும் சேர்த்துத்தானே முதலிடம் தர வேண்டும், இரண்டும் ஒரே கதை” என்கிறார் கேள்வி கேட்டவர். முடியாது. கிரிஸ்டல் பால்ஸ் புதிர், ப்ரிசனர்ஸ் பயணம். பயணம் அழகு: ரயில் பெட்டி கழன்று ஓடுவது, வழிகாட்டிப் பையன் ஸொர்ரினோ, அருவிக்குப் பின்னால் வழி. ஆனால் முடிவு? பழைய செய்தித்தாள் துண்டில் சூரிய கிரகணத் தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டு, சூரியனுக்கே கட்டளையிடுவதுபோல டின்டின் நடிக்கிறான், இன்கா மக்கள் நடுங்கிப்போகிறார்கள். சூரியனைக் கும்பிட்ட, வானத்தைக் கவனித்துப் பண்டிகை நாள் குறித்த ஜனங்களுக்குக் கிரகணம் தெரியாதாம். பலரும் இதைக் குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொடராவது இதை மாற்றியிருக்கலாம். எட்டாவது இடம், அதுவே தாராளம்.

மே 6, சற்றுப் பிறகு

அதில் லாமா என்ற மிருகம் கேப்டன் ஹேடாக் மேல் துப்புவதற்காக ஏழாவது இடம் தரச் சொல்கிறார் ஒருவர். தந்தாயிற்று.

மே 7

கால்குலஸ் அஃபேர். இதற்குத்தான் அதிகம் திட்டு வந்திருக்கிறது, பொறுமையாகவே சொல்கிறேன்.

முதல் பத்து நிமிஷம் அபாரம். கேப்டனின் மார்லின்ஸ்பைக் மாளிகையில் மழை, இடி, ஒவ்வொன்றாகக் கண்ணாடி உடைகிறது: ஜன்னல், கோப்பை, சீனச் சாமான். புத்தகத்தில் ஓசையை எழுத்தில்தான் போட முடியும். இங்கே காதில் விழுகிறது. கால்குலஸ் கண்டுபிடித்தது ஒலியால் உடைக்கிற ஆயுதம் என்பதால், ஓசை கதைக்கே முதுகெலும்பு. இதுவரைக்கும் தொடருக்குத்தான் பாராட்டு.

ஆனால் அந்தப் புத்தகம் மாஸ்டர்பீஸ் ஆனதற்குக் காரணம் அந்த ஆயுதமா? ஜோலியன் வாக் என்ற அந்த இன்சூரன்ஸ் ஆள் கூப்பிடாமலே வந்து குடியேறுவது, கசாப்புக் கடைக்கு வர வேண்டிய ஃபோன் எல்லாம் மாளிகைக்கு வருவது, ஒரு துண்டு பிளாஸ்டர் பேருந்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டித் தாவி மறுபடி கேப்டனிடமே வந்து சேர்வது, இவைதானே? இதெல்லாம் பக்கம் பக்கமாக வளர்ந்து, நாம் மறந்தபோது திரும்பி வந்து சிரிக்க வைக்கிற சங்கதி. அந்த வளர்ச்சிக்குத் திரையில் நேரமில்லை. சிரிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் நல்ல ஒற்றர் கதை, அவ்வளவுதான். ஆறாவது இடம். கடைசியில் டாங்கியில் தப்பிப்பது இல்லாவிட்டால் இன்னும் இறக்கியிருப்பேன்.

மே 8

ஆரம்ப இசையைத் தாண்டிப் பார்ப்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ரே பார்க்கரும் டாம் செஸ்னியாக்கும் போட்டது. கறுப்புத் திரையில் அந்த வெளிச்ச வட்டத்துக்குள் டின்டினும் அவன் நாய் ஸ்நோயியும் ஓடுவார்களே, அது வந்ததும் வீட்டுப்பாட நோட்டு தானாக மூடிக்கொள்ளும்.

மே 9

ஒற்றை எபிசோட் மூன்றையும் ஒன்றாகக் கடைசியில் தள்ளாதீர்கள் என்று எழுதியிருப்பவரோடு பாதி ஒத்துப்போகிறேன்.

அமெரிக்கா கதை தொடரின் கடைசி எபிசோட். புத்தகத்தில் வருகிற செவ்விந்தியர் பகுதியை விட்டுவிட்டுச் சிகாகோ கும்பலோடு மல்லுக்கட்டுவதை மட்டும் வைத்திருக்கிறார்கள். விட்டது நியாயம்தான், காலத்துக்கு ஒவ்வாத பகுதி. ஆனால் விட்ட இடத்தில் எதையும் நிரப்பவில்லை. கடத்தல், தப்பித்தல், கடத்தல், தப்பித்தல். 39 எபிசோடின் முடிவு என்ற ஒரு உணர்வே வராது. என் கடைசி இடம் இதற்கு.

ஷூட்டிங் ஸ்டார் வேறு மாதிரி ஏமாற்றம். ராத்திரி நடுவில் தார் உருகுகிற வெக்கை, வானத்தில் மணிக்கு மணி பெரிதாகிற நட்சத்திரம், உலகம் அழியப்போகிறது என்று மணியடித்துக்கொண்டு திரிகிற பிலிப்புலஸ். இந்தப் பத்துப் பக்கத்துக்காகவே ஒரு முழு எபிசோட் கொடுத்திருக்க வேண்டும். கப்பல் போட்டி, தீவு, ராட்சதக் காளான், ராட்சத எட்டுக்கால் பூச்சி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறார்கள். பயத்துக்கு இத்தனை இடமுள்ள கதையை அவசரத்தில் வீணடித்திருப்பது இங்கே மட்டும்தான்.

ரெட் ரேக்ஹாமோ தேறுகிறது. ஏனென்றால் அந்தக் கதையே தேடித் தேடிக் கிடைக்காமல் போவதுதான். கடலுக்கடியில் சுறா வடிவ நீர்மூழ்கி, மூழ்கிய யூனிகார்ன் கப்பல், பழைய ரம் பாட்டில். புதையல் மட்டும் இல்லை. ஊர் திரும்பி, சொந்த மாளிகையின் நிலவறையில், சிலையின் காலடியில் இருக்கிற உலக உருண்டைக்குள் கிடைக்கிறது. சுருக்கினாலும் அந்தத் திருப்பம் கெடவில்லை. அதோடு கால்குலஸ் அறிமுகமாகிற கதை. பத்துக்குள் நிச்சயம்.

மே 10, மதியம்

எர்ஜே ஒவ்வொரு எபிசோடிலும் எங்கேயாவது ஒரு மூலையில் வருவார் என்பது தெரியாமலே பாதித் தொடரைப் பார்த்து முடித்தவர்களும் இங்கே இருக்கிறார்கள் போல. ஆமாம், வருவார். தெருவில் நடந்து போகிறவராக, நிருபராக, கூட்டத்தில் நிற்கிறவராக. அவர் இறந்தது 1983-ல், தொடர் வந்தது 1991-ல். தொடர் எடுத்தவர்கள் செய்த மரியாதை அது.

இது தெரிந்தபிறகு எனக்குக் கதை பாதிதான் மனசில் ஏறுகிறது. கண் முழுக்கக் கூட்டத்தைத் துழாவிக்கொண்டே இருக்கிறது. முதல்முறை பார்க்கிறவர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

மே 12

எந்த வரிசையில் பார்ப்பது என்ற தகராறு. ஒளிபரப்பு வரிசையிலா, புத்தக வரிசையிலா?

தொடர் கிராப் வித் த கோல்டன் க்ளாஸ்-இல் ஆரம்பிக்கிறது. நல்ல முடிவு, ஏனென்றால் கேப்டன் ஹேடாக் அறிமுகமாகிற கதை அதுதான். உடனே யூனிகார்ன், ரெட் ரேக்ஹாம். 2011-ல் ஸ்பீல்பெர்க் படமும் இதே மூன்றிலிருந்துதானே எடுத்துக் கலந்தது. அந்தப் பக்கம் குழப்பமில்லை. அதற்கப்புறம் பின்னோக்கிக் குதித்து, கேப்டனே இல்லாத சிகார்ஸ் ஆஃப் த ஃபேரோ, ப்ளூ லோட்டஸ். நேற்றுவரை கூடவே இருந்த மனுஷன் எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை.

இதைவிடப் பெரிய கூத்து வில்லன் ரஸ்தபபூலஸ் விஷயம். புத்தகங்களில் ரெட் சீ ஷார்க்ஸ் 1958, ஃப்ளைட் 714 அதற்குப் பத்து வருஷம் கழித்து. முதலில் கடலில் தப்பித்து ஓடுகிறான், அப்புறம் எரிமலைத் தீவில் பறக்கும் தட்டு வந்து அள்ளிக்கொண்டு போகிறது. அத்தோடு அவன் கதை தீர்ந்தது. தொடரில் ஃப்ளைட் 714 இரண்டாம் சீசனின் கடைசி, ரெட் சீ ஷார்க்ஸ் மூன்றாம் சீசனின் ஆரம்பம். வேற்றுக்கிரகத்துக்காரர்கள் வண்டியில் ஏறிப்போனவன் அடுத்த வாரமே செங்கடலில் சொகுசுக் கப்பலோடு நிற்கிறான். சின்ன வயசில் இது எனக்கு உறைக்கவே இல்லை. வில்லன் என்றால் திரும்பி வருவான், அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

நான் சொல்வது: ஒளிபரப்பு வரிசையிலேயே பாருங்கள், இந்த இரண்டை மட்டும் இடம் மாற்றிக்கொள்ளுங்கள். திபெத்துக்கு முன்னால் ப்ளூ லோட்டஸைப் பார்த்திருக்க வேண்டும் என்பது தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது.

மே 13

மகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்டவை, அப்படியே:

“இவர் ரிப்போர்ட்டர்னா எப்ப எழுதுவார்?”

“அந்த ரெண்டு மீசைக்காரங்க அண்ணன் தம்பியா?” (இல்லை, பெயரில் எழுத்துகூட வேறு என்றேன். நம்பவில்லை.)

“இதுல பொண்ணுங்களே இல்லையாப்பா?”

மூன்றாவதற்குத்தான் விழித்தேன். பாடகி காஸ்டஃபியோரே அம்மாள் இருக்கிறாரே என்றேன். “அவங்க பாடினா எல்லாரும் ஓடுறாங்க” என்றாள். என்ன சொல்வது? நான் அந்த வயசில் பார்த்தபோது இது கண்ணில் படவே இல்லை. இப்போது ஒவ்வொரு எபிசோடிலும் படுகிறது, இரண்டாம் பாகம் முடிகிற வரைக்கும் ஒரு பெண் குரல் வருமா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 16, இரவு

திபெத்துக்கு வருகிறேன். கேள்வி கேட்ட நண்பர் இதற்காகத்தான் காத்திருக்கிறார்.

இதுவரை மூன்றாவதாக வைத்திருந்தேன். என் வாதப்படி இது இன்னும் கீழே போக வேண்டும்: வில்லன் கிடையாது, துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. விமான விபத்தில் செத்துப்போனதாகச் சொல்லப்படுகிற சிநேகிதன் சாங் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு கனவை நம்பி ஒருவன் இமயமலை ஏறுகிறான். பக்கம் பக்கமாக வெள்ளை. எர்ஜே அதை வரைந்த காலத்தில் அவருக்கே வெள்ளையாகக் கெட்ட கனவுகள் வந்துகொண்டிருந்தன. கல்யாண வாழ்க்கை உடைந்துகொண்டிருந்தது, பார்த்த மனநல மருத்துவர் வேலையை நிறுத்தச் சொன்னார். அவர் நிறுத்தவில்லை. அந்த வெள்ளை புத்தகத்தில் நம்மை அமுக்குகிறது. திரையில் பின்னணி இசையைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். பனியில் அத்தனை வயலின் எதற்கு?

இதெல்லாம் முதல் பாகத்துக்குப் பொருந்தும். இன்று இரண்டாம் பாகத்தை மறுபடி போட்டேன்.

கயிறு. கேப்டன் பாறை விளிம்புக்குக் கீழே அந்தரத்தில் தொங்குகிறார், மேலே டின்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், தூக்கவும் முடியவில்லை, விடவும் மனசில்லை. “கயிற்றை வெட்டிவிடு, நீயாவது பிழைத்துக்கொள்” என்கிறார். இவன் மாட்டேன் என்கிறான். சரி, நானே வெட்டிக்கொள்கிறேன் என்று கத்தியை எடுக்கிறார். எந்நேரமும் கத்திக்கொண்டும் தடுக்கி விழுந்துகொண்டும் இருக்கிற ஆள், இங்கே குரலை உயர்த்தாமல் பேசுகிறார். சிரிப்பைத் தள்ளிவிட்டார்கள் என்று நான் குறை சொன்ன அதே தொடர், கேப்டனை எப்போது கோமாளியாக்கக் கூடாது என்று சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறது. மகள் பேசவில்லை. நானும்தான்.

பிறகு எட்டி என்ற பனிமனிதன். பெயரைக் கேட்டாலே நடுங்க வைத்துவிட்டு, கடைசியில் பார்த்தால் சாங்கைக் குகையில் வைத்துச் சோறு ஊட்டிக் காப்பாற்றியதே அதுதான். சாங் கற்பனை ஆள் இல்லை என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். பிரஸ்ஸல்ஸில் படிக்க வந்த சாங் சொங்ரென் 1934-ல் எர்ஜேவுக்குச் சிநேகிதரானார், ப்ளூ லோட்டஸ் அந்தச் சிநேகத்தில் பிறந்தது. அப்புறம் தொடர்பே அறுந்து, 1981-ல்தான் இரண்டு பேரும் மறுபடி சந்தித்தார்கள். திபெத் கதை வந்தது அதற்கு இருபது வருஷம் முன்னால். சிநேகிதனைத் தேடிக் கண்டுபிடிப்பதை முதலில் வரைந்துவிட்டார், நிஜத்தில் நடந்தது பின்னால்.

ஆக: திபெத் இரண்டாம் பாகத்தைத் தனியாகப் பிரித்து இரண்டாமிடம். முதல் பாகம் பன்னிரண்டோ பதிமூன்றோ.

மே 17

“ஒரே கதையை வெட்டி இரண்டு இடத்தில் வைப்பது மோசடி” என்று நண்பர். எபிசோட் வரிசைதானே கேட்டீர்கள்? எத்தனை கதை, எத்தனை எபிசோட் என்று நான் மே 5-லேயே பிரித்துக் காட்டினேன். பயன்படுத்திக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

மே 17, சற்றுப் பிறகு

சரி, உங்களுக்காக ஒரு சமாதானம்: சிநேகிதர்கள் கதை என்று ஒரு தனிப் பட்டியல் போட்டால் அதில் திபெத் மட்டும்தான் இருக்கும்.

மே 20

நிலா கதைகளைப் பற்றி யாருமே பேசவில்லையே, ஏன்? எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆன் த மூன் இரண்டாம் பாகம் என் மூன்றாமிடம்.

டெஸ்டினேஷன் மூன் மெதுவாகப் போகும், ஒப்புக்கொள்கிறேன். பாதி நேரம் ராக்கெட் எப்படி வேலை செய்கிறது என்று பாடம் எடுப்பார் கால்குலஸ். “கோமாளி” என்று கேப்டன் சொன்னதும் அவர் பொங்கி எழுந்து தொழிற்கூடம் முழுக்க இழுத்துக்கொண்டு போவாரே, அது ஒன்றுதான் சிரிப்பு. சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அந்த ராக்கெட்டின் உருவம் ஜெர்மானியரின் வி-2 ஏவுகணையைப் பார்த்து வரைந்தது. இரண்டு புத்தகங்களும் வந்தது 1953, 1954. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது 1969.

திரும்பி வருகிற பயணம்தான் விஷயம். பிராணவாயு எல்லாருக்கும் போதாது. காட்டிக்கொடுத்த வுல்ஃப் (கால்குலஸின் உதவியாளன்), எல்லாரும் தூங்கும்போது ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுகிறான். குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூனில் ஒருவன் இப்படிச் சாகிறான், அவன் கெட்டவனா நல்லவனா என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்த வயசில் எனக்கு அவன் செத்தான் என்பதே புரியவில்லை. வெளியே போனான், ஏதாவது ஒரு கதையில் திரும்பி வருவான் என்று காத்திருந்தேன். ரஸ்தபபூலஸ் வந்தானே.

சிரிப்பு இல்லாமல் இல்லை. கேப்டன் ஊற்றிய விஸ்கி உருண்டையாகி மிதந்து போகும், அதைத் துரத்துவார். ஆனால் தொடர் முழுக்க அவர் குடியைக் குறைத்தே காட்டியிருக்கிறார்கள். அது புரிகிறது. குடி குறைந்தபோது கூடவே அவருடைய பாதி வேடிக்கையும் போய்விட்டது என்பதுதான் என் பழைய பல்லவி. கொப்பளிக்கிற வசவுகளில் “பில்லியன்ஸ் ஆஃப் ப்ளூ ப்ளிஸ்டரிங் பார்னகிள்ஸ்” போல ஒன்றிரண்டுதான் தப்பித்து வந்திருக்கின்றன.

மே 21

காஸ்டஃபியோரேவுக்காக மூன்று பேர் சேர்ந்து வந்திருக்கிறார்கள்.

சாகசமே நடக்காத சாகசக் கதை, எர்ஜே தன் சூத்திரத்தையே கிண்டல் செய்தது, இதெல்லாம் எனக்கும் தெரியும். 1963-ல் வந்த அந்தப் புத்தகத்தை வருஷத்துக்கு ஒருமுறையாவது எடுக்கிறேன். படிக்கட்டில் உடைந்த அந்த ஒரு படி. சரி செய்ய ஆள் வருகிறான், வருகிறான், வந்துகொண்டே இருக்கிறான். அதில் ஒவ்வொருவராக வழுக்கி விழுகிறார்கள். இந்த வேடிக்கை ஒரே வீட்டுக்குள் 62 பக்கம் நாம் அடைந்து கிடப்பதால் வேலை செய்கிறது. திரையில் யார் விழுந்தார், யார் விழவில்லை என்று கணக்கு வைப்பதற்குள் கதை முடிந்துவிடுகிறது. மிஞ்சுவது காணாமல் போன ஒரு மரகதமும் ஒரு திருட்டுப் பறவையும்.

ஒரு விஷயத்துக்காகக் கடைசி ஐந்திலிருந்து தூக்குகிறேன். ஊருக்கு வெளியே கூடாரமடித்த ரோமா மக்கள் மேல் எல்லாரும் உடனே சந்தேகப்படுவதும், அது அபாண்டம் என்று தெரிவதும். மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். “யாரும் ஸாரியே சொல்லல” என்றாள். பதினாறாவது இடம்.

மே 25

பட்டியல் போடு, பட்டியல் போடு என்கிறீர்கள். இன்றைய நிலவரம், நாளைக்கு மாறலாம்: கிரிஸ்டல் பால்ஸ் இரண்டு பாகமும் சேர்ந்து முதலிடம் (இதை ஏன் பிரிக்கவில்லை என்று கேட்பீர்கள், பிரிக்க மனசில்லை). திபெத் இரண்டாம் பாகம். எக்ஸ்ப்ளோரர்ஸ் இரண்டாம் பாகம். அதற்கடுத்து ப்ளாக் ஐலண்ட், கிராப் முதல் பாகம், கால்குலஸ் முதல் பாகம், லாமாவுக்காக ப்ரிசனர்ஸ், பிறகு யூனிகார்ன், ரெட் ரேக்ஹாம், ஆட்டோகர் (கிங் ஆட்டோகர்ஸ் செப்டர்).

ஆட்டோகர் பத்துக்குள் வந்ததற்கு என் அரசியல் காரணமில்லை. ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிய 1938-ல் ஆரம்பித்த கதை, அண்டை நாட்டை விழுங்கப் பார்க்கிற சதிக்காரனுக்கு முசோலினி, ஹிட்லர் இருவர் பெயரையும் பிசைந்து ம்யூஸ்ட்லர் என்று வைத்திருக்கிறார் என்பதெல்லாம் பெரியவனான பிறகு தெரிந்துகொண்டது. பூட்டிய அறையிலிருந்து செங்கோல் எப்படி மறைந்தது என்ற புதிர்தான் காரணம். கேமராவுக்குள் ஸ்ப்ரிங், ஜன்னல் கம்பி வழியாகச் செங்கோல் பறக்கிறது. அதை வீட்டில் செய்து பார்க்கப்போய் ஒரு குடைக்கம்பி வீணானது. யார் செய்தது என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

லேண்ட் ஆஃப் ப்ளாக் கோல்ட் எங்கே என்று கேட்காதீர்கள். அதில் வருகிற குறும்புக்காரச் சிறுவன் அப்துல்லாவைத் திரையில் பார்த்தால் புத்தகத்தில் பார்ப்பதைவிட இரண்டு மடங்கு அடிக்கத் தோன்றுகிறது.

மே 28

ஆறு வயசுப் பையனுக்கு எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டவருக்கு.

ப்ளாக் ஐலண்ட். முன்கதை தெரிய வேண்டாம். விமானம், ரயில் கூரை, ஸ்காட்லாந்துப் பாவாடை, இடிந்த கோட்டை, உள்ளே கொரில்லா. கள்ள நோட்டு அடிக்கிற கும்பல் என்பதால் வில்லன் யார் என்று விளக்கவும் வேண்டியதில்லை. பயம் இருக்கிறது, ஆனால் ஸ்நோயி ஒரு குரைப்புக் குரைத்தால் அத்தனை பெரிய கொரில்லா ராங்கோ பின்வாங்குகிறது. அந்த வயசுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. இந்தப் புத்தகத்தை ஆங்கிலத்தில் போட இருந்த பதிப்பாளர் பிரிட்டனைப் பற்றி 131 தப்பு இருக்கிறது என்று பட்டியல் அனுப்பி, எர்ஜே ஆளை அனுப்பிப் பார்த்து வரச் செய்து, 1966-ல் முழுசாகத் திரும்ப வரைந்தார். கோட்டையும் கடலும் அத்தனை திருத்தமாக இருப்பது அந்த உழைப்பினால்தான். தொடர் எடுத்தவர்கள் பல இடங்களில் அவருடைய கட்டங்களையே அப்படியே படமாக்கிவிட்டார்கள்.

அடுத்து கிராப், யூனிகார்ன், ரெட் ரேக்ஹாம் அதே வரிசையில். கிரிஸ்டல் பால்ஸை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். அவசரமென்றால் சனிக்கிழமை காலையில், ஜன்னல்களைச் சாத்திவிட்டு. அமெரிக்காவைப் போடவே வேண்டாம், அவனாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.